நிஷாந்தி திருத்திய எண்

நிஷாந்தியும் நானும் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் ஒரே அறையில் இருந்து வேலை செய்தோம். இருவரும் போதனாசிரியர்கள். மாணவர்களுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுப்போம். மிஞ்சும் நேரத்தில் எங்கள் பட்டமேற்படிப்பு ஆராய்ச்சியைப் பார்ப்போம். என்னுடையது கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய மெல்லிய உலோகத் தகடுகள். அவளுடையது நட்சத்திரங்களுக்கு இடையில் கிடக்கும் வாயு. எனக்கு இரசாயனம் வேண்டும், உலை வேண்டும், இரண்டுக்கும் மேலிடத்துக் கையெழுத்து வேண்டும். அவளுக்கு ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். அதைச் சொல்லி நான் பொறாமைப்படுவதுண்டு.

அவள் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அப்பா பழனிமுத்து இளவயதில் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்து, முகத்துவாரத்தில் ஒண்டிக்கொண்டு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா மயிலம்மா கிராண்ட்பாஸில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். ஆனால் அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் அறையில் அவள் அதிகம் பேசியது இரண்டு விஷயங்களைப் பற்றித்தான். ஒன்று அவளுடைய நட்சத்திரம். மற்றது கார்த்திகன்.

கார்த்திகன் வெள்ளவத்தைப் பையன். தகப்பன் தில்லைநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். தாய் ஜெகதீஸ்வரி. இவர்களுக்குக் கார்த்திகன் ஒரே பிள்ளை. கணினி படித்துவிட்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தான். எங்கள் துறைக்குப் பழுதான கணினிகளைச் சரிசெய்ய நண்பன் ஒருவனோடு வந்தவன், நிஷாந்தியின் திரையில் இருந்த வளைகோட்டைப் பார்த்து இது என்ன என்று கேட்டான். அவள் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோதும் விளங்கப்படுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் விளங்கப்படுத்தியதை இங்கே நானும் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் அவளுக்கு நடந்தது விளங்காது.

நட்சத்திரங்களுக்கு இடையே வெறுமை என்று நாம் நினைக்கும் இடத்தில் மிக மெல்லிய வாயு இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஐதரசன். அந்த ஐதரசனுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏறக்குறைய இரட்டிப்பு நிறையோடு ஓர் அணு கலந்திருக்கும். அதுதான் டியூட்டீரியம். நம் சூரியனுக்கு அண்டிய பகுதியில் யார் அளந்தாலும் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களுக்குப் பதினைந்து, பதினாறு என்றுதான் வரும். பிரபஞ்சம் தொடங்கிய முதற் சில நிமிடங்களில் உண்டானது அது, அப்போது இருபத்தைந்துக்குக் கிட்ட இருந்தது. பிறகு சொல்லத்தக்க அளவில் எங்கும் உண்டாகவில்லை. நட்சத்திரத்துக்குள் போனால் எரிந்துவிடும். ஆகவே ஓரிடத்து வாயுவில் எவ்வளவு டியூட்டீரியம் மிஞ்சியிருக்கிறது என்று கண்டுபிடித்தால், அந்த வாயுவில் எத்தனை பங்கு ஏற்கெனவே நட்சத்திரங்களுக்குள் போய் வந்தது என்று சொல்லிவிடலாம்.

தூரத்து நட்சத்திரத்தின் ஒளி இந்த வாயுவைக் கடந்து வரும்போது, ஐதரசன் தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைந்தால் அவ்விடம் அகன்ற பள்ளமாகத் தெரியும். பள்ளத்தின் ஒரு கரையை ஒட்டினாற்போல் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அது டியூட்டீரியம் விழுங்கியது. அந்த வெட்டை அளப்பதுதான் வேலை. இந்த நிறம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் இருக்கிறது. பூமியின் காற்று அதைத் தரைவரை விடாது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிதான் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்த தரவுகளைச் சில காலத்துக்குப் பின் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். அப்படித் திறந்துவிட்டதில், எரிந்து முடிந்து சுருங்கிப்போன ஒரு வெண்குள்ள நட்சத்திரத்தை நிஷாந்தி தேர்ந்தெடுத்தாள். அதற்குப் பெயர்கூட இல்லை, ஓர் இலக்கம்தான். வேறு யாரோ வேறு ஏதோ தேவைக்கு எடுத்துவிட்டு மறந்துபோன நிறமாலை அது.

அவளுக்குப் பௌதிகவியல் தெரியும். அந்த வெட்டுக்குக் கணினியில் ஒரு வளைகோட்டைப் பொருத்தி, எண்ணை வெளியில் எடுக்கும் நிரல் வேண்டும். மற்றவர்கள் எழுதிய நிரல்கள் இருந்தன. ஆனால் கார்த்திகன் தானே எழுதித் தருகிறேன் என்றான். எழுதியும் கொடுத்தான். அது முடிவதற்குள் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்துவிட்டது.

தில்லைநாதனுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை. தோட்டப்பகுதி ஆட்கள் என்று அவர் நேரே சொன்னதில்லை. சாதகம் பொருந்தவில்லை என்றுதான் சொன்னார். பதிவுக்கு வந்தார், கையெழுத்து வைத்தார், படம் எடுக்க நின்றார். கொட்டாஞ்சேனையில் சம்பந்தி வீட்டுப் படியை மட்டும் அவர் ஏறவில்லை. நிஷாந்தி வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கு வாழப் போன பிறகும் நெடுநாள் அவளைப் பெயர் சொல்லியோ பிள்ளை என்றோ அவர் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு ஆச்சுதாமோ?" என்று பொதுவாகக் கேட்பாராம்.

கொரோனா ஊரடங்குக் காலத்தில் நால்வரும் அந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அப்போதுதான் வேலை வேகமாக நடந்தது. கடற்கரைப் பக்கம் சாளரத்தை ஒட்டிய சாப்பாட்டு மேசையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே இருப்பார்கள். அவள் எண்களைச் சொல்ல, அவன் நிரலை மாற்றுவான். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அந்த நிரலைக் கொண்டே போலி நிறமாலைகளை உண்டாக்கி, அவற்றை அதே நிரலுக்கு ஊட்டி, போட்ட எண்ணே திரும்ப வருகிறதா என்று சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் வந்தது. பிறகு பெற்றோல் இல்லாத, மின்சாரம் இல்லாத வருடமும் வந்தது. மின்சாரம் இருக்கும் மணித்தியாலங்களைப் பார்த்து இருவரும் கணக்கை ஓடவிடுவார்கள். ஜெகதீஸ்வரி அந்த நேரத்தில் மிக்ஸியைப் போடாமல் விட்டுக்கொடுப்பாராம்.

உண்மை நிறமாலையைப் போட்டபோது பதினைந்து வரவில்லை. இருபத்திரண்டு வந்தது.

அடுத்த நாள் காலை நிஷாந்தி அறைக்குள் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. இருபத்திரண்டு என்றால் அந்த வாயு நட்சத்திரங்களுக்குள் அநேகமாகப் போகவே இல்லை, ஆதியில் இருந்ததுபோலவே நமக்குப் பக்கத்தில் ஒரு முகில் கிடக்கிறது என்று சொன்னாள். வெளியிலிருந்து புதிதாக வந்து விழுந்ததாக இருக்கலாம். யாருமே எதிர்பாராத இடம். அவளுடைய பேராசிரியர் சிங்களவர், நிதானமான மனிதர். அவரே இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்தார். கட்டுரை எழுதினார்கள். முதல் பெயர் நிஷாந்தி, இரண்டாவது கார்த்திகன், மூன்றாவது பேராசிரியர். சஞ்சிகைக்கு அனுப்பிய அன்றே, வழக்கம்போல, எல்லோரும் வாசிக்கும்படி இணையத்திலும் முன்பிரதியைப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று இருவருடைய படத்தையும் போட்டு அரைப்பக்கம் எழுதியது.

தில்லைநாதனை மாற்றியது அந்த அரைப்பக்கம்தான். காலி வீதியில் உள்ள கடையில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி வந்தார். கோயிலில் கண்டவர்களிடம் மகனும் மருமகளும் என்று சேர்த்தே சொன்னார். அன்று மத்தியானம் முதல்முறையாக அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டு, அந்த வாயு என்ன நிறம் என்று கேட்டாராம். நிறமில்லை மாமா என்று அவள் சொன்னதும், அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டாராம்.

ஜூன் மாத மழைக்குப் பிறகு கார்த்திகனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வருடம் கொழும்பில் டெங்கு அதிகம். இரத்தம் சோதித்தார்கள், டெங்குதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே சஞ்சிகையிலிருந்து பதில் வந்ததா என்று கேட்டான். இல்லை என்றாள். "வந்தாச் சொல்லும், புரோகிராமைப் பற்றி ஏதும் கேட்டா நானே எழுதுறன்" என்றான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஜெகதீஸ்வரி தொலைபேசியில் உறவினருக்கெல்லாம் அதைச் சொல்லி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். நிஷாந்தி அதைக் கேட்டிருந்தாள். ஆனால் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததைக் கண்டபோது அவளும் நம்பிவிட்டாள். அன்று பின்னேரம் இரத்த அழுத்தம் விழுந்தது. செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் அவன் இறந்துபோனான். முப்பத்து நான்கு வயது.

நான் கனத்தை மயானத்துக்குப் போயிருந்தேன். நிஷாந்தி யாரையும் பிடித்துக்கொண்டு அழவில்லை. மயிலம்மாதான் அவளுக்காகவும் சேர்த்து அழுதார். தில்லைநாதன் நெருப்பு வைக்கக் குனிந்தபோது பக்கத்தில் நின்ற பழனிமுத்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து உதவினார். அவர்கள் இருவரும் தொட்டுக்கொண்டது அன்றுதான் முதல்முறை.

இரண்டு வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். அவள் வந்த கிழமையே சஞ்சிகையிலிருந்து பதிலும் வந்தது. கட்டுரையை ஆராய்ந்த பெயர் தெரியாத அறிஞர் மரியாதையாகவே எழுதியிருந்தார். முடிவு மிகவும் வியப்புக்குரியது. ஆகவே ஏற்கெனவே பலர் அளந்து முடித்த ஒரு நட்சத்திரத்தை இதே நிரலால் அளந்து, அறியப்பட்ட எண் வருகிறதா என்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதை ஏன் முதலே செய்யவில்லை என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். போலி நிறமாலைகள் எல்லாம் சரியாக வந்ததால் தேவைப்படவில்லை என்று நினைத்திருந்தார்கள்.

அவள் அதைச் செய்த காலை நான் என் மேசையில் இருந்தேன். பதினாறு வரவேண்டிய நட்சத்திரத்துக்கு இருபத்து நான்கு வந்தது. மறுபடியும் ஓடவிட்டாள். மறுபடியும் அதேதான். பிறகு மூன்று நாட்கள் அவள் கார்த்திகனின் நிரலை முதலிலிருந்து வாசித்தாள். அவன் எழுதிய ஒவ்வொரு வரியையும் வாசித்தாள். எந்த வரியை எந்த நாளில், என்ன கதைத்துக்கொண்டு எழுதினான் என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது. சிலவற்றை எனக்குச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். விரலைத் திரையில் வைத்திருந்தாள்.

சின்னப் பிழை. எந்தக் கருவியும் கூரான வெட்டைச் சற்று மங்கலாக்கித்தான் காட்டும். அந்த மங்கலின் அளவை இரண்டு விதமாகச் சொல்வார்கள். கருவிக்காரர்கள் பாதி உயரத்தில் முழு அகலத்தைச் சொல்வார்கள். கணக்குக்காரர்கள் நியம விலகலைச் சொல்வார்கள். முதலாவது எண் இரண்டாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. கார்த்திகன் கருவிக்காரர்களின் எண்ணை எடுத்துக் கணக்குக்காரர்களின் இடத்தில் போட்டிருந்தான். அதனால் நிரல் கருவியை உள்ளதைவிட மங்கலானது என்று நம்பியது. உண்மையான வெட்டு இன்னும் ஒடுங்கியது, இன்னும் ஆழமானது என்று எண்ணி, இல்லாத டியூட்டீரியத்தைக் கொண்டுவந்து நிரப்பியது. போலி நிறமாலைகளை உண்டாக்கியதும் அதே வரி, அளந்ததும் அதே வரி என்பதால் சோதனையில் பிழை தெரியவே இல்லை. அந்தச் சோதனையைத் திட்டமிட்டவள் நிஷாந்தி.

வரியைத் திருத்தி ஓடவிட்டாள். பலர் அளந்த நட்சத்திரத்துக்குப் பதினாறு வந்தது. தன்னுடைய வெண்குள்ளனுக்குப் போட்டாள். பதினைந்து வந்தது. எல்லோருக்கும் வரும் பதினைந்து.

"அவர் இருந்திருந்தா இப்ப தலையில அடிச்சிக்கிட்டுச் சிரிச்சிருப்பார்" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். கனத்தையில் அழாததையும் சேர்த்து அழுததுபோல இருந்தது.

பேராசிரியர் கோபப்படவில்லை. இப்படி எல்லோருக்கும் நடக்கும், இணையத்தில் கிடக்கும் முன்பிரதியை எவ்வளவு விரைவில் மாற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்றார். சரி என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். அங்கே வேறொன்று காத்திருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கொடுப்பதற்காகத் தில்லைநாதன் மகனுக்கு நினைவு மலர் அச்சிட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். தேவாரங்கள், வம்ச வரலாறு, நண்பர்களின் அனுதாபங்கள் எல்லாம் கோத்து, வாழ்க்கைக் குறிப்பைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். உறுதி எழுதிய கை. ஓர் எழுத்துக்கூடச் சரியவில்லை. அதில் ஒரு பக்கம் முழுக்க இந்த ஆராய்ச்சி. "சூரியனுக்கு அண்மையில் எவரும் அறியாத ஆதி வாயுவைக் கண்டறிந்து உலகுக்கு உரைத்தவன்" என்று எழுதியிருந்தார். அதை அவள் கையில் கொடுத்து, "பிள்ளை, விஞ்ஞானம் ஏதும் பிழைச்சிருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றார்.

அவள் வாசித்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எண் இருபத்திரண்டு இல்லை, பதினைந்து. நிரலில் ஒரு வரி பிழை. ஆதி வாயு என்று ஒன்று அங்கே இல்லை. ஜெகதீஸ்வரி குசினி வாசலில் வந்து நின்றார்.  அந்த வரி யார் எழுதியது என்று மட்டும் தில்லைநாதன் கேட்டார். நாங்கள் ரெண்டு பேரும் செய்த வேலைதான் மாமா என்றாள். எழுதினது ஆர் என்று திரும்பவும் கேட்டார். அவர்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் உறுதி எழுதிய மனிதர், பிழையைத் திருத்துவது என்றால் என்னவென்று அவருக்கு விளங்கும் என்று அவள் நம்பியிருந்தாள். அதையே சொல்லியும் பார்த்தாள். உறுதியில் ஒரு சொல் பிழைத்தால் நீங்களும் வெட்டித் திருத்துவீர்கள்தானே என்று கேட்டாள்.

"ஓம், திருத்துவம்" என்றார் தில்லைநாதன். "திருத்தின இடத்தில, எழுதிக் குடுத்த ஆள் வந்து கையெழுத்து வைக்க வேணும். ஆள் செத்துப்போனா ஒருத்தரும் அதில கை வைக்கேலாது, பிள்ளை. எழுதினபடிதான் அது நிக்கும்."

"அவர் இருந்திருந்தா அவரே முதல்ல திருத்தியிருப்பார், மாமா."

"அது உமக்குத் தெரியும். நீர் அவனோட வேலை செய்தனீர். எனக்கு அவனைப் பற்றிச் சொல்ல இருக்கிறது இது ஒண்டுதான்."

அவர் கடதாசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்தார்.

அந்தியேட்டி முடியும்வரை முன்பிரதியை மாற்றாமல் விடுங்கள் என்று அவள் பேராசிரியரிடம் கேட்டாள். அவர் ஒத்துக்கொண்டார். அந்தியேட்டியன்று மண்டப வாசலில் அவளையும் நிறுத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நினைவு மலரை அவள்தான் கொடுத்தாள். கனடாவிலிருந்து வந்திருந்த தூரத்து உறவினர் ஒருவர் அங்கேயே நின்று அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளையை இழந்துவிட்டோமே என்று அவளுடைய கையைப் பிடித்து அழுதார். அவள் தலையாட்டினாள். எனக்கும் ஒன்று தந்தாள். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை முன்பிரதியை மாற்றினாள். அதற்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். "எங்கள் நிரலில் இருந்த பிழை திருத்தப்பட்டது, முன்னர் கூறிய மிகுதி இல்லை" என்ற கருத்தில் இரண்டு வரி எழுதினாள். எங்கள் என்ற சொல்லைப் பேராசிரியரும் ஏற்றுக்கொண்டார். அது வெறும் ஒப்புக்குச் சொன்னதும் இல்லை; பிழையைப் பிடிக்கத் தவறிய சோதனை அவளுடையது.

கனடாவுக்குத் திரும்பிப் போன உறவினர் மலரில் வாசித்ததைத் தன் நண்பர்களுக்குக் காட்ட இணையத்தில் தேடியிருக்கிறார். தேடியவருக்கு அகப்பட்டது அந்த இரண்டு வரி. தில்லைநாதனுக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன கதைத்தார்கள் என்று நிஷாந்திக்குத் தெரியாது. அன்று மாலை அவள் வேலையால் வந்தபோது அவர் முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. சனம் சிரிக்கப்போகுது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் சாப்பிட வந்தார். பிள்ளை என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. ஜெகதீஸ்வரி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஒருவர் சொல்லாததை மற்றவருக்குச் சொல்லிக்கொண்டு நாட்களைத் தள்ளினார். இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு நிஷாந்தி உடுப்புகளை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டாள். போகாதே என்று ஜெகதீஸ்வரி அழுதார். தில்லைநாதன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"நீ ஒண்ணும் தப்பு செய்யலயே புள்ள, பேசாம அப்படியே வுட்டிருக்கலாமே" என்று மயிலம்மா கேட்டாராம். அப்படியே விட்டால் நாளைக்கு இன்னொருவர் கண்டுபிடிப்பார், அப்போது கார்த்திகனைப் பொய்யன் என்று சொல்வார்கள் என்றாள். 

கட்டுரை மறுவருடம் வெளியாயிற்று. புதிதாக ஒன்றும் இல்லை. இந்தத் திசையிலும் மற்றத் திசைகளைப்போலவே பதினைந்து என்று சொல்லும் சின்னக் கட்டுரை. பத்திரிகை எதுவும் எழுதவில்லை. அதைக் கொண்டு அவளுக்குப் பட்டம் கிடைத்தது. கார்த்திகனின் பெயருக்குப் பக்கத்தில் காலஞ்சென்றவர் என்பதைக் குறிக்கும் சின்ன அடையாளம் போட்டிருந்தார்கள். பட்டமளிப்புக்கு அவள் போகவில்லை.

கார்த்திகன் இறந்து ஒரு வருடம் நிறைந்த ஆட்டத் திவசத்துக்கு அவள் வெள்ளவத்தைக்குப் போய், ஓர் ஓரத்தில் இருந்து, சாப்பிடாமல் திரும்பினாள். சில கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் தில்லைநாதன் வந்து நின்றார். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். பழனிமுத்து பதறிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே வந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர், மயிலம்மா கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஆள் பாதியாகியிருந்தார் என்று நிஷாந்தி சொன்னாள். சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசியை எடுத்தார். ஜெகதீஸ்வரியின் தம்பி மகனைக் கொண்டு அந்தக் கட்டுரையை அச்செடுத்திருந்தார்.

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும், பிள்ளை. ஆனா விளங்கேல்ல" என்றார். "அவன் பிழையா எழுதினது ஒரு வரி எண்டனீர். மிச்சமெல்லாம்?"

மிச்சமெல்லாம் சரி என்று அவள் சொன்னாள். நூற்றுக்கணக்கான வரிகள், ஒன்றுகூடப் பிழை இல்லை, அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறாள்.

அவர் கடதாசியில் அந்த எண் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்ப இந்தப் பதினைஞ்சு?"

"அது அவர்ட புரோகிராம் சொன்னதுதான் மாமா. அது இல்லாம எனக்கு இந்த எண் வந்திருக்காது."

தில்லைநாதன் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார். பழனிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஆறிய பிறகு அவர் நிஷாந்தியைப் பார்த்து, "வீட்டை வாரும். மாமியும் தனிய இருக்கிறா, நானும் தனிய இருக்கிறன்" என்றார்.

அவளால் முடியவில்லை. அந்தச் சாளரத்தடியில் அந்த மேசையில் இருந்து இன்னொரு தரம் சாப்பிட அவளால் முடியாது. அதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "வந்து வந்து போறேன் மாமா" என்றாள். அவருக்கு விளங்கிவிட்டது. சரி என்று எழுந்தார். சந்திவரை கூட நடந்து போய்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சாளரத்தால் பார்த்துக் கை காட்டுவார் என்று நின்றாளாம். அவர் முன்னுக்குப் பார்த்தபடியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தது ஐந்து மாதம். நெஞ்சுவலி. காலையில் குளித்துவிட்டு வந்து இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஜெகதீஸ்வரியை அவருடைய தம்பி குடும்பம் மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளவத்தை வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நிஷாந்தி பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டாள். இப்போது ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். நன்றாகப் படிப்பிக்கிறாள் என்று சொல்கிறார்கள். பேராசிரியர் இன்னும் இரண்டு நட்சத்திரங்களின் தரவுகளை அவளுக்கு அனுப்பிவைத்தார். நேரம் கிடைக்கும்போது செய்யலாம், அவசரமில்லை என்றார். அவள் நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். திறந்து பார்க்கவில்லை.

போன மாதம் பாடசாலை விட்ட நேரத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நட்சத்திரத்தையும் எடுத்துச் செய்யேன், நிரல் இருக்கிறது, உனக்குத் தெரியாத வேலையா என்று கேட்டேன்.

"தெரியும்" என்றாள். "செஞ்சு முடிச்சு, எண் ஒண்ணு வருமே. அது வந்தா நான் யாருக்குச் சொல்றது?"

எனக்குச் சொல் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும். குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை அவளோடு நடந்தேன்.